ஓடுகிற பிள்ளையும் கல்லூரி இடமும்

2019 ஜூன் மாதம். பள்ளி விட்டு, வண்டியை எடுக்கப் போன நேரத்தில், பழைய மாணவி ஒருத்தி தன் அம்மாவுடன் வாசலில் நின்றிருந்தாள். அம்மா ஷூ கம்பெனி வேனிலிருந்து இறங்கி நேராக வந்திருக்கிறார். கழுத்தில் அடையாள அட்டை இன்னும் தொங்கிக் கொண்டிருந்தது. மகள் கையில் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் சான்றிதழ்கள்.

"சார், இந்த சர்ட்டிபிகேட்ல இருக்கிறது நான் இல்லைன்னு சொல்றாங்க சார்" என்றாள்.

வாங்கிப் பார்த்தேன். குடியரசு தின விழா தடகளப் போட்டி, மாநில அளவு, 17 வயதுக்குட்பட்டோர், 400 மீட்டர், மூன்றாம் இடம். பெயர் சரி. பள்ளி பெயர் சரி. இனிஷியல் மட்டும் 'கே' என்று இருந்தது. மாற்றுச் சான்றிதழிலும் மதிப்பெண் பட்டியலிலும் 'ஜி'. அவளுடைய அப்பா பெயர் 'க' என்ற எழுத்தில் தொடங்கும். தமிழில் ஒரே எழுத்து. ஆங்கிலத்தில் எழுதும்போது சிலர் 'கே' போடுவார்கள், சிலர் 'ஜி' போடுவார்கள்.

'கே' போட்டவன் நான். அவள் பத்தாம் வகுப்பில் என் வகுப்பு மாணவி. அந்த ஆண்டு உடற்கல்வி ஆசிரியர் மருத்துவ விடுப்பில் இருந்ததால், குறுவட்டப் போட்டிக்கான நுழைவுப் படிவங்களை வகுப்பாசிரியர்களே நிரப்பினோம். மதிய உணவு இடைவேளையில் பதினான்கு படிவங்களை எழுதினேன். பதிவேட்டைப் பார்க்காமல், வாயால் கேட்டு எழுதினேன். குறுவட்டப் பட்டியலில் இருந்த எழுத்து மாவட்டப் பட்டியலுக்குப் போனது; அங்கிருந்து மாநிலச் சான்றிதழுக்குப் போனது. மூன்று ஆண்டுகள் யாரும் கவனிக்கவில்லை. சென்னையில் ஒரு கல்லூரி நடத்திய தேர்வு ஓட்டத்தில் அவள் நன்றாக ஓடி, விடுதியும் உணவும் இலவசம் என்று சொல்லி, அசல் சான்றிதழ்களைச் சரிபார்க்கும் மேசைக்கு வந்தபோதுதான் ஒருவர் கவனித்தார். அவர் செய்தது சரிதான். அவருடைய வேலை அது.

ஒரு வாரத்தில் திருத்திக் கொண்டுவரச் சொன்னார்கள். தலைமை ஆசிரியர் அன்றைக்கே கடிதம் கொடுத்தார். சேர்க்கைப் பதிவேட்டின் நகலில் சான்றொப்பமிட்டு இணைத்தோம். வேலூருக்கு இரண்டு முறையும் சென்னைக்கு ஒரு முறையும் அலைந்தோம். திருத்தம் கையில் கிடைத்தது பதினோராம் நாள். அந்த இடத்தை அதற்குள் வேறொரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்கள். அவளும் நன்றாக ஓடக்கூடியவள்தான், அவள் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை.

நான் கணக்குப் பட்டதாரி ஆசிரியர். விளையாட்டு ஒதுக்கீடு என்பது உடற்கல்வி ஆசிரியர் பார்த்துக்கொள்ள வேண்டிய காரியம் என்றே அதுவரை நினைத்திருந்தேன். அந்த ஜூன் மாதத்துக்குப் பிறகு, கல்லூரிகளின் உடற்கல்வி இயக்குநர்களிடமும், ஓடிப் படித்து முன்னேறிய பழைய மாணவர்களிடமும், நம் மாவட்ட உடற்கல்வி ஆசிரியர்களிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். வகுப்பாசிரியர்களுக்கு உதவும்.

நம் பகுதியைப் பற்றி ஒரு வார்த்தை. ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடிப் பக்கத்துப் பள்ளிகளில் பாடம் நடத்துபவர்களுக்குத் தெரியும்: காலை ஆறரை மணிக்கே கம்பெனி வேன்கள் ஊர் ஊராக வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும். ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பதினெட்டு வயது முடிந்த பெண்ணுக்கு அந்த வேனில் எப்போதும் ஓர் இடம் இருக்கிறது. அது கேவலமான வேலை அல்ல. எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிவது அந்தச் சம்பளத்தில்தான். ஆனால் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்து கல்லூரிச் சேர்க்கை தாமதமாகும் இரண்டு மாதங்களில், "சும்மாதானே இருக்கிறாய், அதுவரைக்கும் போய்ட்டு வா" என்று ஏறுகிற பிள்ளை பெரும்பாலும் இறங்குவதில்லை. வெளிநாட்டுக்குப் போகும் காலணிகளுக்கு மேல்பகுதி தைக்கிற அம்மாக்களின் பிள்ளைகள் மாவட்டப் போட்டியில் வெறுங்காலோடு ஓடுவதையும் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகளுக்கு ஓட்டம் ஒரு கல்லூரி இடத்தை வாங்கித் தரக்கூடும் என்பதை வீட்டில் சொல்ல ஆள் இல்லை. சொல்ல வேண்டியவர்கள் நாம்.

மதுரை மாவட்டம் சக்கிமங்கலத்தைச் சேர்ந்த ரேவதி வீரமணியின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். சிறு வயதிலேயே தாய் தந்தையை இழந்தவர். கூலி வேலை செய்த பாட்டி ஆரம்மாள்தான் அவரையும் தங்கையையும் வளர்த்தார். பள்ளிப் போட்டிகளில் வெறுங்காலோடு ஓடிக்கொண்டிருந்த ரேவதியைத் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் பயிற்சியாளர் கண்ணன் பார்த்தார். பெண் பிள்ளையை ஓட அனுப்பப் பாட்டி முதலில் சம்மதிக்கவில்லை, பிறகு சம்மதித்தார். உறவினர்கள் ஏசியதையும் அவர் பொருட்படுத்தவில்லை. கண்ணன் செய்த உதவிகளில் காலணி வாங்கித் தந்ததைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று: மதுரை லேடி டோக் கல்லூரியில் ரேவதிக்குச் சேர்க்கையும் விடுதியும் கிடைக்க அவர் வழி செய்தார். மூன்று வேளைச் சாப்பாடும், தங்க இடமும், பட்டமும், பயிற்சி மைதானமும் ஒரே ஊரில் கிடைத்தன. பிறகு தென்னக ரயில்வேயில் வேலை. 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் 4×400 மீட்டர் கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்திய அணியில் இடம். பள்ளிக்கும் ஒலிம்பிக்குக்கும் நடுவில் கல்லூரிச் சேர்க்கை என்ற ஒரு படி இருந்தது. அந்தப் படியில் கைபிடித்து ஏற்ற ஒருவர் இருந்தார்.

வெளிநாட்டில் இது வேறு விதமாக நடக்கிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகப் பயிற்சியாளர்கள் பள்ளி மாணவர்களின் நேரத்தையும் தாண்டிய தூரத்தையும் பார்த்து, அவர்களே தேடி வந்து உதவித்தொகையோடு அழைக்கிறார்கள். டெல்லியைச் சேர்ந்த உயரம் தாண்டும் வீரர் தேஜஸ்வின் சங்கர் 2017இல் அப்படித்தான் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே முதலில் பார்ப்பது கடிகாரத்தை. நம் ஒதுக்கீட்டு முறையில் முதலில் பார்ப்பது காகிதத்தை: எந்தப் போட்டி, யார் நடத்தியது, எந்த அளவு, எத்தனையாவது இடம், எந்தத் தேதி. 400 மீட்டரை 58 விநாடியில் ஓடுகிற பெண்ணிடம் சரியான சான்றிதழ் இல்லையென்றால், 61 விநாடியில் ஓடிச் சரியான சான்றிதழ் வைத்திருக்கும் பெண்ணுக்குத்தான் இடம். இது நியாயமா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஆனால் இதுதான் முறை என்று தெரிந்துகொண்டால் பிள்ளையைக் காப்பாற்றலாம்.

இரண்டு ஏணிகள்

தடகளத்தில் நம் பிள்ளைகள் ஏறக்கூடிய ஏணிகள் இரண்டு. ஒன்று நம் துறை நடத்துவது: குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம்; அதற்கு மேல் இந்தியப் பள்ளி விளையாட்டுக் குழுமத்தின் தேசியப் போட்டி. இங்கே வயதுப் பிரிவு 14, 17, 19. மற்றொன்று தடகளச் சங்கங்கள் நடத்துவது: மாவட்டத் தடகளச் சங்கம், மாநிலச் சங்கம், இந்தியத் தடகளக் கூட்டமைப்பு. அங்கே 14, 16, 18, 20. இரண்டிலும் பிரிவுகள் வேறு என்பதால், பள்ளிப் போட்டியில் 17 வயதுப் பிரிவில் முதல் ஆண்டு ஓடித் தோற்கிற பிள்ளை, சங்கப் போட்டியில் 16 வயதுப் பிரிவில் வெல்லக்கூடும். பல பள்ளிகளில் இரண்டாவது ஏணியைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. 14, 16 வயதுப் பிரிவுகளுக்கு மாவட்ட அணிகளுக்கு இடையே தேசிய அளவில் நடக்கும் ஜூனியர் தடகளப் போட்டிக்கு ஒவ்வொரு மாவட்டமும் அணி அனுப்பலாம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை அதில் தேர்வானால், நாட்டின் மற்ற பகுதிப் பிள்ளைகளோடு ஒரே தடத்தில் நிற்கும் வாய்ப்பு கிடைக்கிறது.

நமக்கு ஒரு தனி வசதியும் வந்திருக்கிறது. 2019 நவம்பரில் வேலூர் மாவட்டம் வேலூர், திருப்பத்தூர், ராணிப்பேட்டை என மூன்றாகப் பிரிந்தது. அதற்கு முன்பு ஆம்பூர்ப் பிள்ளை மாநிலப் போட்டிக்குப் போக வேண்டுமானால் அரக்கோணத்திலிருந்தும் குடியாத்தத்திலிருந்தும் வருகிறவர்களையெல்லாம் வெல்ல வேண்டும். இப்போது ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டம். ஒரு மாவட்ட அணி சென்ற இடத்தில் மூன்று செல்கின்றன. மாநிலப் போட்டி வரை போக முடியும் என்று நம்பிக்கையோடு சொல்லக்கூடிய பிள்ளைகளின் எண்ணிக்கை கூடியிருக்கிறது.

வயது விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். சங்கப் போட்டிகளில் எலும்பு வளர்ச்சிப் பரிசோதனை எடுக்கிறார்கள். பள்ளியில் சேர்க்கும்போது வயதைக் குறைத்துப் போட்ட பழைய வழக்கம் அங்கே பிடிபட்டால், முட்டி தேய ஓடிய பிள்ளைக்குத்தான் தண்டனை.

மூன்றாவதாக ஓர் ஏணி இருப்பதாகச் சொல்லிக்கொண்டு சிலர் வருவார்கள். இதைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும், ஏனென்றால் பணம் போவது இங்கேதான். "தேசியப் போட்டி, கோவாவில், நுழைவுக் கட்டணம், பயணம், சீருடை எல்லாம் சேர்த்து எட்டாயிரம்." அல்லது, "சர்வதேசப் போட்டி, நேபாளத்தில்." பிள்ளை பதக்கத்தோடும் பளபளக்கும் சான்றிதழோடும் திரும்பி வரும். ஊரில் பதாகை வைப்பார்கள். பள்ளிக் காலை வணக்கக் கூட்டத்தில் நாமே கைதட்டுவோம், நானும் தட்டியிருக்கிறேன். சான்றிதழ் சரிபார்ப்பில் அது ஒரு காகிதம், அவ்வளவுதான். அங்கீகாரம் இல்லாத அமைப்பு நடத்தும் போட்டிக்கு எந்த ஒதுக்கீட்டிலும் மதிப்பெண் கிடையாது. பெற்றோர் நகையை அடகு வைக்கும் முன் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இதை நடத்துவது யார்? நம் துறையா, இந்தியப் பள்ளி விளையாட்டுக் குழுமமா, இந்தியத் தடகளக் கூட்டமைப்போடு இணைந்த சங்கமா, விளையாட்டு மேம்பாட்டு ஆணையமா? இவற்றில் ஒன்றும் இல்லையென்றால், மாவட்ட விளையாட்டு அலுவலரிடம் ஒரு தொலைபேசி அழைப்பில் விஷயம் தெரிந்துவிடும்.

எங்கெல்லாம் கதவு இருக்கிறது

பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கென 500 இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காட்டிலும் விளையாட்டுப் பிரிவு தனியாக உண்டு. அதில் இடம் பெறும் பிள்ளையின் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. எம்.பி.பி.எஸ். படிப்பில் மாநிலம் முழுவதற்கும் 7 இடங்கள்தான். அதற்கு நீட் தகுதியும் வேண்டும். அரசு கலை, அறிவியல் கல்லூரிகளில் சிறப்புப் பிரிவுக் கலந்தாய்வு பொதுக் கலந்தாய்வுக்கு முன்பே நடந்து முடிந்துவிடும். இந்தக் கடைசி விவரம் தெரியாமல் இழந்தவர்கள் அதிகம். "கலந்தாய்வு அடுத்த வாரம்தானே" என்று இருப்பார்கள். அவர்களுடைய கலந்தாய்வு போன வாரமே முடிந்திருக்கும்.

எந்தச் சான்றிதழுக்கு எத்தனை மதிப்பெண், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை பெற்றவை செல்லும் என்பதெல்லாம் ஒவ்வோர் ஆண்டின் அறிவிப்பிலும் இருக்கும். சென்ற ஆண்டுக் கையேட்டை வைத்து இந்த ஆண்டுப் பிள்ளைக்கு வழி சொல்லாதீர்கள். விண்ணப்பத்தில் விளையாட்டுப் பிரிவு என்ற கட்டத்தில் குறியிட மறந்தால் அந்தப் பிள்ளை அந்தப் பிரிவிலேயே இல்லை. பொறியியலுக்கு விளையாட்டுப் பிரிவினரை அசல் சான்றிதழ்களோடு நேரில் அழைப்பது வழக்கம். அழைப்பு வருவது கைப்பேசிக்கு. கணினி மையத்தில் விண்ணப்பிக்கும்போது கடைக்காரர் தன்னுடைய எண்ணைப் போட்டுவிடுவதும் உண்டு. பார்த்துக்கொள்ளுங்கள்.

பதினோராம் வகுப்பில் பிரிவு தேர்ந்தெடுக்கும்போதே இதில் பாதி முடிவாகிவிடுகிறது என்பதும் எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. "விளையாட்டுப் பிள்ளை, படிப்பு வராது" என்று நாமே தீர்மானித்து ஒரு பிரிவில் தள்ளிவிடுகிறோம். கணக்கும் இயற்பியலும் வேதியியலும் இல்லாத பிள்ளைக்கு அந்த 500 இடங்களில் எந்த வேலையும் இல்லை. பிள்ளைக்கு விருப்பமும் ஓரளவு மதிப்பெண்ணும் இருந்தால் அந்தக் கதவை நாம் அடைக்க வேண்டாம்.

உடற்கல்வியே படிக்க விரும்புகிறவர்களுக்கு மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. சென்னை நந்தனத்தில் 1920இல் ஹாரி குரோ பக் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி இருக்கிறது.

அரசு உதவி பெறும் கல்லூரிகளும், சுயநிதிக் கல்லூரிகளும், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் தாங்களாகவே தேர்வு நடத்தி எடுப்பது வேறு வழி. பெரும்பாலும் பொதுத்தேர்வு முடிந்த பிறகு, ஏப்ரல், மே மாதங்களில். மாநிலப் போட்டிகளின்போதே கல்லூரி உடற்கல்வி இயக்குநர்கள் மைதானத்தில் உட்கார்ந்து குறிப்பெடுப்பதைப் பார்க்கலாம். நம் பிள்ளையை அவர்களுக்குத் தெரிய வேண்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. உடற்கல்வி ஆசிரியர் தொலைபேசியில் பேசி, எந்தப் போட்டியில் எந்த நேரத்தில் ஓடினாள் என்பதை எழுதி அனுப்பலாம்; அதைத் தவறாக எடுத்துக்கொண்ட ஒருவரையும் நான் பார்த்ததில்லை. அனுப்பும் நேரம் உண்மையாக இருக்கட்டும். கையால் அழுத்திய கடிகாரம் என்றால் அதையும் குறிப்பிடுங்கள்.

தேர்வு ஓட்டத்துக்குப் போவது பற்றி இரண்டு அனுபவங்கள். சென்னையில் காலை ஏழு மணிக்குத் தேர்வு என்றால் ஏலகிரி எக்ஸ்பிரஸை நம்ப முடியாது. முதல் நாளே போய்த் தங்க வேண்டும். தெரிந்தவர் வீட்டில் தங்கி, தூங்காமல், காலையில் ஒரு டீயோடு ஓடிய பையன் ஒருவன் தன் வழக்கமான நேரத்துக்கு ஒன்றரை விநாடி பின்னால் வந்தான். இன்னொன்று: பன்னிரண்டாம் வகுப்பில் ஜனவரி தொடங்கி "பொதுத்தேர்வு முடியட்டும்" என்று ஓட்டத்தை முற்றிலும் நிறுத்திவிடுகிறோம். நான்கு மாதம் உட்கார்ந்திருந்த உடம்பு மே மாத வெயிலில் திடீரென்று முழு வேகத்தில் ஓடினால் தொடைத் தசை பிடித்துக்கொள்ளும். வாரத்துக்கு மூன்று நாள், நாற்பது நிமிடம் ஓட விட்டதால் மதிப்பெண் குறைந்த பிள்ளை யாரையும் எனக்குத் தெரியாது.

பயிற்சிக்கு இடம் வேண்டுமே என்றால், பாலாற்று மணல் இருக்கிறது. எங்கள் பிள்ளைகள் பாதிப் பயிற்சியை அங்கேதான் செய்கிறார்கள். (2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடியபோது, "சார், நம்ம கிரவுண்ட் போயிடுச்சு" என்று ஒருவன் சொன்னான். அத்தனை வெள்ளத்திலும் சிரித்துவிட்டோம்.) ஆனால் தேர்வுக்கு ஒரு வாரம் முன்பாவது செயற்கை ஓடுதளத்தில் ஓடிப் பழக வேண்டும். காட்பாடி விளையாட்டரங்கில் அது உண்டு. அங்கே முதன்முறையாக ஸ்பைக்ஸ் போடுகிறவள் முதல் வளைவிலேயே தடுமாறுவாள்.

இடம் தருகிறோம் என்று சொன்ன பிறகு

மகிழ்ச்சியில் யாரும் கேள்வி கேட்பதில்லை. பெற்றோர் கேட்கத் தயங்குவார்கள். "ஃப்ரீ சீட்டு குடுக்கிறாங்க சார், அதுலயும் போய்க் கேள்வி கேட்டா குடுக்காம விட்டுடுவாங்களோ" என்று அந்த அம்மாவே என்னிடம் கேட்டிருக்கிறார். அதனால் நாம் கேட்க வேண்டும். இலவசம் என்பது மூன்று ஆண்டுக்குமா, அல்லது ஆண்டுதோறும் ஓட்டத்தைப் பார்த்துப் புதுப்பிப்பதா? தேர்வுக் கட்டணம், விடுதி முன்பணம் இதில் சேருமா? அடிபட்டு ஓராண்டு ஓட முடியாமல் போனால் கட்டணம் கட்டச் சொல்வார்களா? போட்டிக்குப் போகும் நாள்களுக்கு வருகைப்பதிவு கிடைக்குமா? வாய்மொழியாகச் சொல்வதை ஒரு கடிதத்தில் எழுதித் தருவார்களா? அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், கல்லூரி வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் அறிவித்திருக்கிறது. இதை மரியாதையாக நினைவூட்டலாம்.

சென்னைக்குப் போவதுதான் வெற்றி என்ற எண்ணத்தோடும் எனக்கு உடன்பாடில்லை. சேர்க்காட்டில் உள்ள திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் கீழ் நம் பக்கத்திலேயே கல்லூரிகள் இருக்கின்றன: வேலூர் ஊரீசு, முத்துரங்கம் அரசுக் கல்லூரி, காட்பாடி ஆக்சிலியம், ஆம்பூர் மஜ்ஹருல் உலூம், வாணியம்பாடி இஸ்லாமியா. மாநிலப் போட்டியில் ஆறாவதாக வந்த பெண், சென்னையின் பெரிய கல்லூரியில் சேர்ந்தால் மூன்று ஆண்டும் மாற்று வீராங்கனையாகவே இருந்துவிடலாம். இங்கே சேர்ந்தால் முதல் ஆண்டிலேயே பல்கலைக்கழக அணியில் ஓடலாம். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் 17 வயது நிறைந்தவர்கள் 25 வயது வரை பங்கேற்கலாம்; அந்தச் சான்றிதழ் பின்னாளில் வேலைக்கும் உதவும். தமிழ்நாடு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது. ரயில்வேயிலும் காவல் துறையிலும் தனி வாய்ப்புகள் உண்டு. சத்துவாச்சாரியில் பளு தூக்கிப் பழகி 2014 கிளாஸ்கோவிலும் 2018 கோல்டு கோஸ்டிலும் காமன்வெல்த் தங்கம் வென்ற சதீஷ் சிவலிங்கமும் ரயில்வேயில் வேலை பெற்றவர்தான்.

வீட்டில் தயங்குகிறவர்களிடம் பேசப் போகும்போது கையில் சில விவரங்கள் வேண்டும். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரியில் சேர்ந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். பையன் என்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே தொகை. கல்லூரி விடுதி கிடைக்காவிட்டால் ஆதிதிராவிடர் நலத் துறை, பிற்படுத்தப்பட்டோர் நலத் துறைக் கல்லூரி விடுதிகள் இருக்கின்றன. கல்லூரி மாணவர்களுக்கென விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகளும் உண்டு. ஷூ கம்பெனிச் சம்பளத்துக்கு இவை ஈடாகாது. ஆனால் "மூணு வருஷம் நாங்க எப்படி சமாளிக்கிறது" என்ற கேள்விக்கு ஒரு பதிலாவது இருக்கும்.

சான்றிதழ் விஷயத்துக்குத் திரும்புகிறேன். இப்போது எங்கள் பள்ளியில் நாங்கள் செய்வது இதுதான். நுழைவுப் படிவம் எழுதும்போது எமிஸ் பதிவையும் பிறப்புச் சான்றிதழையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுகிறோம். இரண்டிலும் பெயரோ இனிஷியலோ வேறுபட்டால், பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கான பெயர்ப் பட்டியல் போகும் முன்பே திருத்துகிறோம், ஏனென்றால் அதற்குப் பிறகு பள்ளியில் முடிகிற வேலை இயக்ககம் வரை போகும். சான்றிதழ் கைக்கு வந்த அன்றே, பேருந்து ஏறும் முன், ஐந்து விவரங்களைப் பிள்ளையே வாய்விட்டுப் படிக்க வேண்டும்: பெயர், இனிஷியல், பிறந்த தேதி, பிரிவு, இடம். தப்பு இருந்தால் நடத்துகிறவர்கள் மேசையை மடக்கும் முன் திருத்திவிடலாம். கையெழுத்தும் முத்திரையும் தேதியும் இருக்கின்றனவா என்று பார்க்கிறோம். லேமினேட் செய்யக் கூடாது. ஒவ்வொரு சான்றிதழையும் படமெடுத்து உடற்கல்வி ஆசிரியர், வகுப்பாசிரியர், பெற்றோர் என மூவரின் கைப்பேசியிலும் வைக்கிறோம். தேசியப் போட்டிக்குப் போன பிள்ளைக்குப் பங்கேற்புச் சான்றிதழோடு உரிய படிவச் சான்றும் வேண்டும். அதை அந்த ஆண்டே கேட்டு வாங்க வேண்டும். இரண்டு ஆண்டு கழித்துப் போனால் கையெழுத்திட வேண்டியவர் மாறியிருப்பார். நான் முதல்வன் வழிகாட்டல் வகுப்பில் ஒரு பாடவேளையை, பன்னிரண்டாம் வகுப்பில் ஓடுகிற, தாண்டுகிற, எறிகிற பிள்ளைகளுக்கு மட்டும் ஒதுக்கச் சொல்லி வாங்கியிருக்கிறேன். சென்ற ஆண்டு அதற்கு வந்தவர்கள் ஆறு பேர்.

அந்த மாணவியைப் பற்றிச் சொல்லி முடிக்கவில்லை. சென்னை இடம் போன பிறகு, உடற்கல்வி ஆசிரியரும் நானும் பக்கத்துக் கல்லூரி ஒன்றுக்கு அவளை அழைத்துப் போனோம். திருத்திய சான்றிதழைக் காட்டினோம். பி.காம். இடம் கிடைத்தது, விடுதி இல்லை, தினமும் பேருந்து. முதல் ஆண்டில் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் 400 மீட்டரில் இரண்டாம் இடம் வந்தாள். அடுத்த ஆண்டு கொரோனா. மைதானமே மூடிக் கிடந்தது. அதன் பிறகு அவள் பழைய வேகத்துக்குத் திரும்பவில்லை. பட்டம் வாங்கினாள். இப்போது ஷூ கம்பெனியில்தான் வேலை செய்கிறாள், அம்மா ஏறுகிற அதே வேனில் போகிறாள். ஆனால் தையல் வரிசையில் அல்ல, கணக்குப் பிரிவில். சென்ற தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தவளிடம், சென்னைக்குப் போயிருந்தால் என்று நானே பேச்செடுத்தேன். "விடுங்க சார்" என்றாள். பிறகு, என் மேசையில் கிடந்த படிவக் கட்டைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் இந்த வருஷத்துதா சார்?" என்று எடுத்து ஒவ்வொன்றாகப் புரட்டினாள். மூன்றாவது படிவத்தில் நிறுத்தி, "இந்தப் பொண்ணுக்கு அப்பா பேர் என்ன?" என்று கேட்டாள்.

இந்த ஆண்டுக் குறுவட்டப் போட்டிக்குப் பட்டியல் கேட்டிருக்கிறார்கள். என் வகுப்பில் ஒன்பது பேர். பிறப்புச் சான்றிதழ் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். நேற்று வரை ஐந்து பேர் கொண்டு வந்திருக்கிறார்கள்; மீதி நான்கு வீடுகளுக்கு ஞாயிற்றுக்கிழமை, கம்பெனி விடுமுறை நாளில், போக வேண்டும்.